என் நாற்காலியில் ஒரு பூசணிக்காய்

என் வீட்டில் எனக்கென்று இருந்தது ஒரே ஒரு பொருள். ஒரு பிரம்பு நாற்காலி. அதில் இப்போது ஒரு பூசணிக்காய் உட்கார்ந்திருக்கிறது. நான் தரையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

சொல்லமாட்டீர்கள். என்ன நடந்தது என்று தெரியாமல் எப்படிச் சொல்வீர்கள்? ஆதியிலிருந்தே வருகிறேன்.

எனக்கு அச்சகத்தில் வேலை. பிழை திருத்துகிறவன். எங்கள் அச்சகம் தினக் காலண்டர் போடுகிறது. காலையில் எழுந்ததும் ஒரு தாள் கிழிப்பீர்களே, அதுதான். தேதி பெரிதாக இருக்கும். அடியில் நாலு வரியில் அன்றைய விசேஷம், வழக்கம், ஏதாவது ஒரு வீட்டுக்குறிப்பு இருக்கும். முந்நூற்று அறுபத்தைந்து தாளையும் எழுத்தெழுத்தாகப் படித்து, கால் விட்டுப்போச்சா, கொம்பு முளைச்சிருக்கா என்று பார்ப்பது என் பிழைப்பு. இதற்காக அச்சகத்தில் எனக்குக் கொடுத்திருப்பது முதுகில்லாத ஒரு ஸ்டூல். எட்டு மணி நேரம் அதில் குனிந்திருந்துவிட்டு வீட்டுக்கு வரும்போது என் முதுகு கேள்விக்குறி மாதிரி வளைந்திருக்கும். அதை நிமிர்த்த இந்த உலகத்தில் இருந்த ஒரே வைத்தியம் அந்தப் பிரம்பு நாற்காலி.

ஒத்துக்கொள்கிறேன், அது பழசுதான். ஒரு கை ஆடும். நடுவில் பள்ளம். ஆனால் அந்தப் பள்ளம் சும்மா வந்ததா? பன்னிரண்டு வருஷம் நான் உட்கார்ந்து உட்கார்ந்து உருவாக்கியது! கடையில் போய் என் அளவுக்கு ஒரு பள்ளம் கொடு என்று கேட்டால் கொடுப்பானா?

என் மனைவிக்கு அந்த நாற்காலியைக் கண்டாலே ஆகாது. அவள் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். மிஷின் இருப்பது உள் அறையில். நாற்காலி இருந்தது ஹாலில், ஜன்னல் ஓரத்தில். பிரச்சினை அவ்வளவுதான்.

"ஏங்க, ஊசியில நூல் கோக்கவே எனக்கு வெளிச்சம் பத்தலை. ஜன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுங்க."

"நாற்காலியை எங்கம்மா போடறது?"

"அதுக்குத்தான் அறுவடைத் திருநாள் வருதே."

இந்த இடத்தில் எங்கள் கட்டடத்தின் அறுவடைத் திருநாளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பதினாறு குடும்பம் இருக்கிறோம். ஒருத்தருக்கும் ஒரு சாண் நிலம் கிடையாது. பாதிப் பேர் கதிரைப் படத்தில் பார்த்ததோடு சரி. ஆனால் திருநாள் நெருங்கிவிட்டால் போதும், ஏதோ நூறு ஏக்கரை நேற்றுத்தான் அறுத்து முடித்த மாதிரி ஆளாளுக்கு அலட்டல் தாங்காது. ஒரு வாரம் ஒட்டடை அடிப்பார்கள். முன்தினம் வீட்டிலுள்ள பழைய சாமானையெல்லாம் வாசலில் வைத்துவிடுவார்கள். புது விளைச்சல் வருவதற்கு முன் பழசு வெளியே போகணுமாம். தள்ளுவண்டிக்காரர் வந்து வாரிக்கொண்டு போவார். திருநாளன்று மார்க்கெட்டில் வாங்கிய கதிரை வாசலில் கட்டி, மார்க்கெட்டில் வாங்கிய காயைக் கூடத்தில் வைத்து, 'முதல் விளைச்சல்' என்று பெயர் சூட்டி, ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போய்ப் பார்த்து, "அடடா, என்ன விளைச்சல், என்ன விளைச்சல்!" என்பார்கள். யார் வீட்டு விளைச்சலும் ஒரே கடையில் விளைந்ததுதான்.

இதில் எனக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை. அந்த முன்தினம்தான் எனக்கு எமன்.

போன திருநாளுக்கு முந்தின திருநாளில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் நாற்காலி வாசலுக்குப் போய்விட்டது. துண்டைக் கட்டிக்கொண்டு ஓடினேன். தள்ளுவண்டிக்காரர் ஒரு கையைப் பிடித்து, அதாவது நாற்காலியின் கையைப் பிடித்து, தூக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்வேன்? அதில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"சார், எந்திரிங்க சார். அம்மா எடுத்துக்கச் சொல்லிட்டாங்க."

"மாட்டேன்யா!"

"நாலு தெரு பாக்கி இருக்கு சார்."

"பதினாலு தெரு இருக்கட்டும். எந்திரிக்கமாட்டேன்!"

பதினாறு குடும்பமும் மாடிப்படியில் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தது. நான் ஈரத்துண்டோடு வாசலில் சிம்மாசனம் ஏறியிருந்தேன். என் மனைவி வந்தாள். இடுப்பில் கை வைத்தாள்.

"இந்த வருஷம் போனாப் போகுது. அடுத்த வருஷம் நீங்க உக்காந்திருந்தாலும் சரி, சேத்தே அனுப்பிடுவேன்."

செய்யக்கூடியவள். பன்னிரண்டு வருஷம் குடித்தனம் நடத்துகிறேன், எனக்குத் தெரியாதா? அன்றைக்கே சபதம் எடுத்தேன். தலை போனாலும் நாற்காலி போகக்கூடாது!

சபதம் எடுத்தேனே தவிர வழி தெரியவில்லை. வழி ஆறு மாதம் கழித்துத் தானாக என் மேஜைக்கு வந்தது.

அடுத்த வருஷத்துக் காலண்டர் புரூஃப் வந்துகொண்டிருந்தது. அறுவடைத் திருநாளுக்கு முன்தினத் தாளை எடுத்தேன். தேதி இருந்தது. கிழமை இருந்தது. அடியில் 'பழைய பொருள்களை வெளியேற்றும் நாள்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே மூன்று வரிக்கு வெறும் வெள்ளை. முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"ஏதாவது நல்ல வழக்கமாப் பார்த்துப் போட்டு நிரப்புய்யா. இதைக்கூட நான் சொல்லணுமா?" என்றார் அவர்.

எங்கள் முதலாளி நல்லவர். ஆனால் ஒரு விஷயத்தில் நெருப்பு. காலண்டரில் பொய் வரக்கூடாது. முன்பு ஒரு ஆபரேட்டர் இடம் நிரப்புவதற்காக, 'இன்று நகம் வெட்டினால் மாமியார் வருவார்' என்று சொந்தச் சரக்கை எடுத்துவிட்டான். அன்று சாயங்காலமே அவன் சீட்டு கிழிந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன். முதுகு வலி மனுஷனை எதையும் செய்ய வைக்கும்.

'குடும்பத் தலைவர் அமரும் ஆசனத்தை இன்று வெளியேற்றுதல் ஆகாது. இது முன்னோர் வழக்கம்.'

பிரமாதம்! கம்பீரமாக இருந்தது. இரண்டு வரி வந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் நான் இன்று நாற்காலியில் இருந்திருப்பேன். ஆனால் ஒரு வரி காலியாக இருந்தது. பிழை திருத்துகிறவனுக்கு அது கண்ணில் விழுந்த தூசி. இருபது வருஷப் பழக்கம் சும்மா விடுமா? பேனாவை எடுத்து அதையும் நிரப்பினேன்.

'அது விளைச்சலைத் தாங்கும் பீடம்.'

என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மாதங்கள் ஓடின. அந்த நாள் வந்தது. காலையில் நானே போய்க் காலண்டரில் தாளைக் கிழித்தேன். என் மனைவி நாற்காலியை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு நர்ஸம்மா அவளுக்கு ஒத்தாசையாக மறுபக்கம் பிடித்திருந்தாள்.

"நில்லு!" என்றேன்.

"என்னங்க?"

"காலண்டர்ல என்ன போட்டிருக்குன்னு பாத்தியா?"

"என்ன போட்டிருக்கு?"

தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தேன். கோயில் மணி மாதிரி கணீரென்று படித்தேன். நர்ஸம்மா நாற்காலியைப் பட்டென்று கீழே வைத்துவிட்டாள்.

"ஐயையோ, அக்கா! ஆகாதுன்னு போட்டிருக்காமே!"

"குடும்பத் தலைவர் உக்கார்ற ஆசனம்னுதானே போட்டிருக்கு?" என்றாள் என் மனைவி.

"ஆமாக்கா. அப்படிப் பார்த்தா உங்க வீட்ல தையல் மிஷின் ஸ்டூலைத்தான் வெளிய போடக்கூடாது. இதைப் போடலாம்."

இந்த நர்ஸம்மாவுக்கு ஊசி போடுவதற்கு ஊசியே தேவையில்லை. நான் முறைத்தேன். என் மனைவி தாளை என் கையிலிருந்து வாங்கினாள். ஒருமுறை படித்தாள். என்னைப் பார்த்தாள். இன்னொரு முறை படித்தாள்.

"பன்னெண்டு வருஷத்துல இன்னிக்குத்தான் நீங்க காலண்டர் தாள் கிழிச்சிருக்கீங்க" என்றாள்.

நான் இழுத்தேன். "அ... அது... திருநாளாச்சேன்னு..."

"நல்லதுங்க. வழக்கம்னா வழக்கந்தான். அதை மீற நாம யாரு?" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை உள்ளே கொண்டுவந்து வைத்தாள். அவளே வைத்தாள்! ஒரு சண்டை இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. அன்று பகல் முழுக்க நான் அந்த நாற்காலியில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டு, ஜன்னல் காற்று வாங்கினேன். மூளை உள்ளவன் பிழைத்துக்கொள்வான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுநாள் திருநாள். கதிர்க்கட்டும் பூசணிக்காயும் வாங்கிவரச் சொல்லி என்னை மார்க்கெட்டுக்கு அனுப்பினாள். "நல்லா பெருசா, உக்காரவெச்சா உருளாம நிக்கிற காயாப் பாத்து வாங்குங்க" என்றாள். நானும் வேலைமெனக்கெட்டு ஒவ்வொன்றாகக் கீழே வைத்துப் பார்த்து, சும்மா கல்லு மாதிரி நிற்கிற காயாகத் தேர்ந்தெடுத்து, தோளில் சுமந்துகொண்டு வந்தேன். எதற்கு உட்கார வேண்டும், எங்கே உட்கார வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தால் ஜன்னலோரத்தில் தையல் மிஷின் இருக்கிறது!

"என் நாற்காலி எங்கே?"

"கத்தாதீங்க, நல்ல நாளும் அதுவுமா. அங்கதான் இருக்கு."

அலமாரிக்குப் பக்கத்தில், ஃபேன் காற்றுகூட எட்டிப்பார்க்காத மூலையில் என் நாற்காலி நின்றது. அதன் மேல் வெள்ளைத்துணி விரித்திருந்தது. இரண்டு கையிலும் பூச்சரம் சுற்றியிருந்தது. என் தோளிலிருந்த பூசணிக்காயை வாங்கி, நான் பன்னிரண்டு வருஷம் பாடுபட்டு உண்டாக்கிய பள்ளத்தில் வைத்தாள். அச்சுக்கு வார்த்த மாதிரி உட்கார்ந்துகொண்டது.

"என்னம்மா இது அக்கிரமம்?"

"அக்கிரமமா? விளைச்சலைத் தாங்கும் பீடம்னு நீங்கதானே நேத்து சத்தமாப் படிச்சீங்க?"

"ஆமா, படிச்சேன். அதுக்கு?"

"விளைச்சலைத் தாங்கும்னா விளைச்சலைத்தானே வைக்கணும்? உங்களையா வைக்க முடியும்?"

"நான் எங்க உக்கார்றது?"

"பீடத்துல யாராவது உக்காருவாங்களா? கேக்கறவங்க சிரிக்கப்போறாங்க."

"சரி, மூலையில எதுக்குக் கொண்டுபோய் வெச்சே?"

"ஜன்னலோரம் வெயில் அடிக்கும். விளைச்சல் வாடாதா?"

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் கட்டடத்துப் பெண்கள் முதல் விளைச்சல் பார்க்க வந்துவிட்டார்கள். நர்ஸம்மா முன்னால் நின்று விளக்கம் கொடுத்தாள். "காலண்டர்லயே போட்டிருக்கு! நானே என் காதால கேட்டேன். ஐயா கணீர்னு படிச்சாரு!" எல்லாரும் நாற்காலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். என்னை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

பொய் என்று நான் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எப்படிச் சொல்வது? அந்த வழக்கம் பொய் என்றால், எழுதியவன் யார் என்று கேட்பார்கள். எழுதியவன் நான் என்றால் முதலாளி காதுக்கு ஒரு நாளில் போய்விடும். நாற்காலி போய் ஸ்டூலும் போய்விடும். என் மனைவி அதையும் யோசித்திருந்தாள்.

"காலண்டர்ல தப்பு இருக்குமோன்னு உங்களுக்குச் சந்தேகமா? வேணும்னா உங்க முதலாளிகிட்டயே போய்க் கேட்டுட்டு வரட்டுமா?" என்றாள், பூசணிக்காய்க்குப் பொட்டு வைத்துக்கொண்டே.

"வேணாம்மா" என்றேன்.

அன்று சாயங்காலம் காற்று வாங்கலாம் என்று மாடிப்படிக்குப் போனேன். அங்கே இடம் இல்லை. ஒரு படிக்கு ஒருத்தராகக் கட்டடத்து ஆண்களெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் வீட்டிலும் பீடம் வந்துவிட்டதாம்! நர்ஸம்மாவின் கணவர் டிராஃபிக் போலீஸ்காரர். நாள் பூராவும் நடுரோட்டில் நிற்கிறவர். அவர் நாற்காலியில் ஒரு தார் வாழைப்பழம் உட்கார்ந்திருந்ததாம்.

"எந்தப் படுபாவி சார் எழுதினான் அந்தக் காலண்டர்ல? அவன் மட்டும் என் கையில சிக்கட்டும்..." என்று பல்லைக் கடித்தார். கை பெரிய கை. ஒரு லாரியை நிறுத்தும்.

"அவன் விளங்கவே மாட்டான் சார்" என்றேன் நான். வேறு என்ன சொல்வது?

"நீங்க அச்சாபீஸ்லதானே இருக்கீங்க? யாருன்னு விசாரிச்சுச் சொல்லுங்க."

"கண்டிப்பா விசாரிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கடைசிப் படியில் போய் உட்கார்ந்தேன்.

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு நயமாகக் கேட்டுப் பார்த்தேன்.

"ஏம்மா, திருநாள்தான் முடிஞ்சுபோச்சே. காயை இறக்கிடலாமா?"

"எப்ப இறக்கணும்னு காலண்டர்ல போட்டிருக்கா?"

"போடலை."

"அப்ப எப்படிங்க இறக்கறது? நாமளா ஒரு வழக்கத்தை உண்டாக்க முடியுமா?"

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மிஷின் கடகடவென்று ஓடியது. ஜன்னல் வெளிச்சத்தில் அவள் ஒரே தடவையில் ஊசியில் நூல் கோத்துவிட்டாள். அதுவும் என்னைப் பார்த்துக்கொண்டே கோத்தாள்.

பீடம் காலியாக இருக்கக்கூடாதாம். பூசணிக்காயைக் குழம்பில் போட்டால் அடுத்த காயை நான்தான் வாங்கி வர வேண்டும். என் நாற்காலியில் உட்காரப்போகிற காயை நானே பொறுக்கி, நானே சுமந்து வந்து, நானே உட்காரவைக்க வேண்டும்! எந்த ஊரில் ஐயா இந்த அநியாயம் உண்டு? இந்த வருஷம் மட்டும் என் நாற்காலியில் எட்டுப் பூசணிக்காய், மூன்று சுரைக்காய், ஒரு பலாப்பழம் இருந்துவிட்டுப் போயிருக்கின்றன. பலாப்பழத்துக்கு முதுகு சாய்ந்துகொள்ள ஒரு தலையணைகூடக் கொடுத்தாள்.

ஆனால் நான் தோற்றுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு ஒரு வழி பாக்கி இருந்தது. காலண்டரில் போடாததுதானே குறை? போட்டுவிட்டால்? அடுத்த காலண்டர் புரூஃப் வரும் மாதத்துக்காக நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை அளந்து எழுதினேன். பஸ்ஸில் எழுதி, பாத்ரூமில் திருத்தி, நாலே வரிக்குச் சுருக்கி, சட்டைப்பையில் வைத்திருந்தேன். 'விளைச்சலை மூன்றாம் நாள் இறக்கிவிட்டு, குடும்பத் தலைவர் மீண்டும் அதே இடத்தில், அதே ஆசனத்தில் அமர்தல் வேண்டும்.' 'அதே இடத்தில்' என்பதைக் கவனித்தீர்களா? ஜன்னலோரத்தையும் சேர்த்தே மீட்டுவிடுவேன்!

நேற்று அந்தத் திருநாள் தாள் வந்தது. முதலாளியே கையில் எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். முகமெல்லாம் பல்.

"யோவ், போன தடவை நீ போட்டியே அந்த ஆசன வழக்கம், ஊரே அதைப்பத்தித்தான் பேசுது. வாசகர்கள்கிட்டேயிருந்து கடிதம்கூட வந்திருக்கு!"

"அப்படிங்களா ஐயா? அதோட தொடர்ச்சி ஒண்ணு நம்மகிட்ட இருக்கு" என்று சட்டைப்பையில் கை விட்டேன்.

"வேணாம், வேணாம். தொடர்ச்சி வந்தாச்சு! ஒரு வாசகி எழுதி அனுப்பியிருக்காங்க. அவங்க பிறந்த வீட்ல தலைமுறை தலைமுறையா உள்ள வழக்கமாம். நீ எழுதினதோட அப்படியே பொருந்துது பாரு. அதைப் பாத்தப்புறந்தான் எனக்கு நிம்மதியே வந்துது. நீ ஏதாவது சொந்தமா அடிச்சுவிட்டுட்டியோன்னு உள்ளுக்குள்ள ஒரு உறுத்தல் இருந்துது."

கடிதத்தை நீட்டினார். வாங்கினேன். கோடு போட்ட நோட்டுத் தாள். எழுத்தைப் பார்த்ததும் சந்தேகம் தட்டியது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில், 'தோள் பதினாலு, இடுப்பு முப்பத்தாறு, கை முழங்கை வரை' என்று எழுதியிருந்தது.

"என்னய்யா, தெரிஞ்ச எழுத்தா?"

"இல்லீங்க ஐயா."

"அப்ப இதையே செட் பண்ணியாச்சு. பிழை பாத்துக் குடு. இன்னிக்கே அச்சுப் பிளேட்டுக்குப் போகுது."

அவர் என் தலைக்குமேல் நின்றுகொண்டே இருந்தார். நான் படித்தேன்.

'அறுவடைத் திருநாளில் விளைச்சல் வைத்த ஆசனத்தில் அதன்பின் எவரும் அமர்தல் ஆகாது. அதை இடம் மாற்றுதலும் ஆகாது. குடும்பத் தலைவர் அதைத் தினமும் காலையில் தம் கையால் துடைத்து வைத்தால் வீடு செழிக்கும்.'

நாலு வரியும் சரியாக நிரம்பியிருந்தது. நானும் மூன்று முறை படித்துப் பார்த்தேன். கால், கொம்பு, புள்ளி, எதிலும் ஒரு குறை இல்லை. 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.